புற்றுநோய் வராத குமாஸ்தாக்கள்: 'இகிரு' படத்தை முன்வைத்து

அகிரா குரோசாவாவின் 'இகிரு' (1952) பற்றி நம் ஆட்கள் பேச ஆரம்பித்தால் பேச்சு நேராக அந்த ஊஞ்சலுக்குப் போய்விடும். பனி விழுகிறது. சாகப்போகும் ஒரு கிழவர் தான் எழுப்பிய பூங்காவில் தனியாக ஊஞ்சலாடிக்கொண்டே பாடுகிறார். மரணம், வாழ்வின் பொருள், டால்ஸ்டாயின் இவான் இலியிச் என்று உரையாடல் மேலே மேலே ஏறும். ஏறட்டும், தப்பில்லை. ஆனால் அந்தப் பூங்காவுக்கு எந்தப் பிரிவு பணம் ஒதுக்கியது, குட்டையை மூட யார் கையெழுத்துப் போட்டார் என்று ஒருத்தரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் சிவில் எஞ்சினியர். வடிகால் வரைபடங்களைத் தூக்கிக்கொண்டு ஊராட்சி மன்றங்களின் முகப்பிடங்களில் நிற்பது என் வேலையில் ஒரு பகுதி. அதனாலோ என்னவோ, எனக்கு 'இகிரு' முதலில் ஒரு கோப்பின் கதை, அப்புறம்தான் ஒரு மனிதனின் கதை.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. வதனாபே (தகாஷி ஷிமுரா) ஒரு ஜப்பானிய நகர அலுவலகத்தில் பொதுமக்கள் பிரிவின் தலைவர். ஏறத்தாழ 30 வருடமாக ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர். அவருடைய வயிற்றின் எக்ஸ்ரேயைக் காட்டித்தான் படம் தொடங்குகிறது. புற்றுநோய் இருப்பது நமக்குத் தெரியும், அவருக்கு இன்னும் தெரியாது. அவர் பாட்டுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார். மேசை இழுப்பறையில் பழைய தாள் கட்டு ஒன்று கிடக்கிறது. அலுவலக வேலையை எப்படித் திறமையாக்கலாம் என்று இளவயதில் எழுதப்பட்ட பரிந்துரை அது. அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்து முத்திரையைத் துடைத்துக்கொள்கிறார். வசனமே இல்லை. ஊஞ்சல் காட்சியைவிட எனக்கு இதுதான் பெரிய காட்சி.

அப்புறம் குரோயே பகுதிப் பெண்கள் வருகிறார்கள். வீடுகளுக்கு நடுவே சாக்கடைக் குட்டை. நாற்றம், கொசு, பிள்ளைகளுக்குச் சொறி. அதை மூடி விளையாட்டுப் பூங்கா ஆக்கித் தாருங்கள் என்பது மனு. வதனாபே தலையைக்கூட நிமிர்த்தாமல் பொதுப்பணிப் பிரிவுக்குப் போகச் சொல்கிறார். அங்கிருந்து பூங்காப் பிரிவு, சுகாதார நிலையம், துப்புரவு, கழிவுநீர், சாலை, நகரத் திட்டம், தீயணைப்பு, கல்வித்துறை, ஒரு நகரமன்ற உறுப்பினர், கடைசியில் துணை மேயர். அவர் ரொம்பப் பணிவாக, இதற்கென்றே நாங்கள் பொதுமக்கள் பிரிவு வைத்திருக்கிறோம் என்று தொடங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்புகிறார். ஒவ்வொரு முகப்பிடமும் ஒருசில நொடிகள்தான். ஒரு முகம் வழுக்கிப் போக, அடுத்த முகம் வந்து உட்காருகிறது. தியேட்டரில் பார்த்தால் சிரிப்பு வரும்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வேலை பார்க்கிறவனாக இன்னொன்றும் தோன்றியது: அந்தக் குமாஸ்தாக்களில் பெரும்பாலானோர் பொய் சொல்லவில்லை. சாக்கடைக் குட்டை என்பது நிஜமாகவே கழிவுநீர்ப் பிரிவின் விஷயம்தான். கொசு சுகாதாரத்தின் விஷயம். மூடிய பிறகு அது பூங்கா. பூங்காவுக்குப் போகும் பாதை சாலைப் பிரிவுக்குச் சொந்தம். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தாமானுக்குள் ஓடும் லோங்காங் ஊராட்சி மன்றத்தினுடையது. அது போய் விழும் ஆறு வடிகால் நீர்ப்பாசன இலாகாவுடையது. நடுவில் ஒரு கூட்டரசு சாலை குறுக்கிட்டால் அதன் ஓரத்து வடிகால் பொதுப்பணி இலாகாவுடையது. கழிவறைத் தண்ணீர் பெரும்பாலான இடங்களில் இண்டா வாட்டர். குப்பைக்குச் சில மாநிலங்களில் தனிக் கழகமே உண்டு, சில மாநிலங்களில் மன்றமே அள்ளும். மழை பெய்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் இந்த எல்லைகளையெல்லாம் பார்த்தா வருகிறது? ஆனால் புகார் இந்த எல்லைகளைப் பார்த்துத்தான் போகவேண்டும். தட்டிக்கழிப்பதில் பாதி சோம்பேறித்தனம் என்றால், மீதிப் பாதி இந்த எல்லைக்கோடுகள். குரோசாவா முதல் பாதியை அற்புதமாக நையாண்டி செய்கிறார். இரண்டாவது பாதி அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் அதைப் படத்தில் வெகுநேரம் கழித்துத்தான் சொல்கிறார்.

வதனாபே அலுவலகத்துக்குத் திரும்பிவரும் அந்தச் சில நிமிடங்களைக் கவனமாகப் பாருங்கள். பழைய மனுவை எடுக்கிறார். உதவியாளர் ஓனோ, இது பொதுப்பணிப் பிரிவுக்குப் போகவேண்டியதாயிற்றே என்கிறார். அதற்கு வதனாபேயின் பதிலில் தத்துவம் ஒன்றும் இல்லை. நம் பிரிவு முன்கை எடுத்தால்தான் நடக்கும், பொதுப்பணியும் பூங்காவும் கழிவுநீரும் சேர்ந்துதான் இதைச் செய்தாகவேண்டும் என்ற பொருளில் சொல்லிவிட்டு, மழையில் இடத்தைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார். அவ்வளவுதான். அவர் ஒரு சட்டத்தையும் மீறவில்லை, யாரையும் அம்பலப்படுத்தவில்லை. பிறகு நாம் பார்ப்பதெல்லாம் அவர் தாழ்வாரங்களில் உட்கார்ந்திருப்பது, ஒவ்வொரு பிரிவுத் தலைவர் முன்னும் குனிந்து நிற்பது, அவர்கள் முத்திரை குத்தும்வரை நகராமல் இருப்பது. கோப்புக்குக் கால் இல்லை. அவர் தன் கால்களை அதற்குக் கொடுத்தார்.

இதைத்தான் நம் நாட்டில் 2007இல் ஓர் ஏற்பாடாகவே ஆக்கினார்கள். ஊராட்சி மன்றங்களில் ஓ.எஸ்.சி. என்ற ஓரிட மையம் வந்தது. எஞ்சினியர் வரைபடத்தை ஒரே முகப்பிடத்தில் கொடுத்தால் போதும், அது எல்லா இலாகாக்களுக்கும் போய்க் கருத்துகளோடு திரும்பி வரும். ஒருவகையில் வதனாபேயை மேசையாக மாற்றிவிட்டார்கள். வேலை எளிதாகியிருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு சின்ன நகரத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு சின்னத் திட்டத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வடிகால் போய்ச் சேரும் வெளிவாய் யாருடையது என்பதில் இரண்டு இலாகாவும் 'அது அவர்களுடையது' என்று எழுதியிருந்தன. இரண்டு கருத்தும் ஒரே அட்டவணையில், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, வாரக்கணக்கில் சும்மா கிடந்தன. முகப்பிடத்தில் ஒரு மலாய்க்கார அக்கா இருந்தார். எல்லாரும் 'காக்' என்றுதான் கூப்பிடுவோம். "காக், இது யார்கிட்டதான் கேக்கணும்?" என்றேன். அட்டவணையைப் பார்த்தார், ரெண்டு பேருக்கும் போன் போட்டார், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரெண்டு பேரும் இடத்துக்கு வருவாங்க, நீயும் வந்துடு என்றார். வந்தார்கள். அரைமணி நேரம் லோங்காங் ஓரத்தில் நின்று பேசினார்கள். முடிந்தது.

காக்குக்கு, எனக்குத் தெரிந்தவரை, எந்த நோயும் இல்லை. போனை வைத்துவிட்டு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தார். அவரைப் பற்றி யாரும் 143 நிமிடம் படம் எடுக்கப்போவதில்லை.

'இகிரு'வோடு எனக்கு இருக்கும் சண்டை இங்கேதான். ஒரு குமாஸ்தா தன் வேலையைச் செய்யவேண்டுமானால் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் வரவேண்டும் என்று படம் ஏற்பாடு செய்துவிட்டது. ஒரு பூங்காவின் விலை ஓர் உயிர். அந்த விலையைப் பார்த்து நாம் அழுகிறோம். அழுதபிறகு பூங்கா ஒரு கோயில் மாதிரி ஆகிவிடுகிறது. அதை இனி யாரும் சாதாரணமாகக் கட்டவோ பராமரிக்கவோ முடியாது. ஊராட்சியின் வேலை இதற்கு நேரெதிரானது. செவ்வாய்க்கிழமை குப்பை லாரி வரவேண்டும். வருகிறவருக்கு அன்று ஞானம் பிறந்திருக்கத் தேவையில்லை, முதல்நாள் இரவு மனைவியோடு சண்டை போட்டுவிட்டுக்கூட வரலாம். லாரி வந்தால் சரி.

ஆனால் குரோசாவா லேசுப்பட்ட ஆள் கிடையாது. கதை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு குரல் வந்து வதனாபே செத்துவிட்டார் என்று சொல்கிறது. மீதிப் படம் முழுக்க இழவு வீடு. பூங்கா கட்டிய கதை நமக்கு நேராகக் காட்டப்படுவதில்லை. செத்தவரின் படத்துக்கு முன் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அதிகாரிகள் பேசிப்பேசித்தான் அது துண்டு துண்டாக வெளிவருகிறது. முதலில் துணை மேயர் பேசுகிறார்: ஒரு பிரிவுத் தலைவர் பூங்கா கட்டினார் என்பது நிர்வாகம் தெரியாதவர்கள் பேச்சு, அது பூங்காப் பிரிவின், பொதுப்பணிப் பிரிவின் சாதனை. மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். துணை மேயர் எழுந்து போனதும் சாக்கே ஊற்றப்படுகிறது. போதை ஏற ஏற உண்மை வருகிறது. இந்தப் பகுதி இழுவை என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். இது ஒரு கூட்டம். நகர அலுவலகத்தில் நடக்கும் எந்தக் கூட்டத்தையும்போல, தலைவர் இருக்கும்வரை ஒரு பதிவு, அவர் வெளியே போனதும் வேறொரு பதிவு. யார் செய்தது, யார் பெயரில் எழுதுவது என்பதுதான் நிகழ்ச்சி நிரல். நிர்வாகத்தின் உயிர்நாடியை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த வேறு கதைப்படம் எனக்குத் தெரியாது.

போதையில் எல்லாரும் சபதம் செய்கிறார்கள், இனி வதனாபே மாதிரி வேலை செய்வோம் என்று. மறுநாள் ஓனோ புதிய பிரிவுத் தலைவர். கழிவுநீர் வழிகிறது என்று ஒரு புகார் வருகிறது. பொதுப்பணிப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள் என்கிறார். இளைஞன் கிமுரா மட்டும் விருட்டென்று எழுந்து நிற்கிறான். எல்லாரும் அவனைப் பார்க்கிறார்கள். அவன் மெல்ல உட்கார, அவன் முகம் காகித அடுக்குகளுக்குப் பின்னால் மறைந்துபோகிறது. மனமாற்றத்தால் நிர்வாகம் மாறாது என்று குரோசாவாவே தன் படத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகும் பூங்காவை ஒரு மனிதனின் நினைவுச் சின்னமாகக் காட்டி முடிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே படம் பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவுதான் அதை இன்றைக்கும் உயிரோடு வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதன் மறு ஆக்கமான 'லிவிங்' (2022) அந்தப் பிளவைப் பூசி மெழுகிவிட்டது. கசுவோ இஷிகுரோ எழுதியது, ஆலிவர் ஹெர்மனஸ் இயக்கியது, பில் நை நடித்தது, 1950களின் லண்டன். நடிப்பில் குறையே இல்லை. ஆனால் அதில் செத்துப்போனவர் இளம் ஊழியனுக்கு ஒரு கடிதம் விட்டுச் செல்கிறார். சோர்வு வரும்போது அந்தச் சின்ன விளையாட்டுத் திடலை நினைத்துக்கொள் என்கிறது கடிதம். வதனாபே யாருக்கும் அப்படி அறிவுரை எழுதி வைக்கவில்லை. கடிதம் வந்ததும் படம் பாடமாகிவிட்டது.

நாயகனே இல்லாமல் ஊராட்சியைக் காட்ட முடியுமா என்று தேடியபோது கிடைத்தவர் பிரெடரிக் வைஸ்மன். பாஸ்டன் நகர அலுவலகம் பற்றிய அவருடைய 'சிட்டி ஹால்' (2020) 272 நிமிடம். அதிகம் பேசப்பட்டதும் அதுதான். எனக்கு அதைவிட 'மொன்ரோவியா, இண்டியானா' (2018) பிடித்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஓர் அமெரிக்கச் சிற்றூர். வேடிக்கையாக, இதுவும் 143 நிமிடம்தான். விவரணைக் குரல் கிடையாது, பேட்டி கிடையாது. பன்றிப் பண்ணை, துப்பாக்கிக் கடை, கல்யாணம், சவ அடக்கம். நடுநடுவே மன்றக் கூட்டம். புதிய வீடுகள் வரலாமா வேண்டாமா, வந்தால் தண்ணீர் எங்கிருந்து, தீயணைப்புக் குழாயின் நிலைமை என்ன. லயன்ஸ் சங்கத்தில் நூலகத்துக்கு ஒரு பெஞ்சு போடுவது பற்றி ஒரு பேச்சு. அது முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. முதலில் போரடித்தது, உண்மை. பிறகு ஒரு கட்டத்தில் பிடிபட்டது: இவர்கள் ஒருவரை ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பார்க்கப்போகிறவர்கள். அதனால்தான் குரல் உயராமல் சுற்றிச்சுற்றிப் பேசுகிறார்கள். சின்ன ஊரில் ஊராட்சி நடத்துவது என்றால் நாளைக்கு மளிகைக் கடையில் எதிரே வரப்போகும் ஆளோடு இன்றைக்கு வாதாடுவது. மேசைக்குப் பின்னால் இருப்பவர் முகமில்லாத 'அதிகாரி' அல்ல, தெரிந்த பெயருள்ள ஆள்.

வைஸ்மனிடமும் ஒன்று குறைகிறது. கூட்டம் முடிந்ததும் அவருடைய கேமரா வேறு பக்கம் போய்விடுகிறது. பேசப்பட்டதெல்லாம் பிறகு எந்த மேசைக்குப் போனது, யார் எந்தத் தாளை நிரப்பினார்கள் என்பது அவருக்குத் தேவைப்படவில்லை. குரோசாவா கோப்பின் பின்னால் நடந்தார், ஆனால் ஒரே ஒரு முறை. வைஸ்மன் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்தார், ஆனால் கோப்பைத் தொடவில்லை. காக் போட்ட போனுக்கு இரண்டு படத்திலும் இடம் இல்லை.

இதையெல்லாம் ஓர் இலக்கிய இதழில் ஏன் எழுதுகிறேன் என்றால், நம் புனைவுகளில் ஊராட்சி மன்றம் எப்படி வருகிறது என்று யோசித்துப் பார்த்ததால்தான். நான் வாசித்த மலேசியத் தமிழ்க் கதைகளில் அது பெரும்பாலும் ஒரு லாரியாக வருகிறது. அங்காடிக்காரரின் தள்ளுவண்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும் லாரி. அல்லது கோயில் கதவில் ஒட்டப்பட்ட ஒரு கடிதமாக. லாரிக்குள் உட்கார்ந்திருப்பவரும் கடிதத்தைத் தட்டச்சு செய்தவரும் வருவதே இல்லை. கோபம் நியாயமானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கதையாசிரியனுக்கு லாரியின் வெளிப்பக்கம் மட்டும் தெரிந்தால் போதுமா?

இதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. நம்மில் பெரும்பாலோர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தோட்டம் தனியார் நிலம். அங்கே லயத்து முன்னால் இருக்கும் சாக்கடை அடைத்தால் கிராணியிடம் சொல்லவேண்டும், கிராணி மானேஜரிடம் சொல்வார். ஊராட்சி என்ற ஒன்றோடு நேரடியாக எந்த உறவும் இல்லாமலே தலைமுறைகள் போய்விட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களுக்கு வந்தபோது, இந்தப் பக்கம் தேர்தலும் இல்லாமல் போயிருந்தது. 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயர் தொழிலாளர் கட்சியின் டி.எஸ். ராமநாதன் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தோனேசியாவுடனான மோதலைக் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 1968இல் தன் அறிக்கையை முடித்தது. தேர்தல் திரும்ப வேண்டும் என்றது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. இன்றுவரை மன்ற உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது, ஒரு மன்றத்துக்கு 8 முதல் 24 பேர் வரை. கிராணியிடம் சொன்ன வாய் இப்போது ஒய்.பி.யிடம் சொல்கிறது. "ஒய்.பி.கிட்ட சொல்லியாச்சு, பாத்துக்குவாரு." அவர் வருவார், லோங்காங் ஓரத்தில் நின்று விரலை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வார், மறுநாள் பத்திரிகையில் வரும். துணை மேயரின் திறப்புவிழா உரை நமக்கு இதுதான்.

அந்தப் படத்தைக் கேலி செய்வது சுலபம், எங்கள் வாட்சப் குழுவில் தினமும் செய்கிறோம். ஆனால் நாமும் 'இகிரு'வை அதே கண்ணால்தானே பார்க்கிறோம்? ஒரு தனி மனிதர் வந்து வடிகாலைத் தூர்க்கட்டும், நாம் கைதட்டலாம் அல்லது அழலாம். ஒய்.பி. படத்துக்கும் பனியில் ஊஞ்சலாடும் கிழவர் படத்துக்கும் உள்ள தரவேறுபாடு எனக்குப் புரியாமல் இல்லை. பார்க்கிறவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலி மட்டும் ஒன்றுதான்.

அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு, 23ஆம் பிரிவு, மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்கும் என்கிறது, மன்றமே வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது; பெரும்பாலான விஷயங்கள் அங்கேதான் முடிவாகின்றன. இருந்தாலும் கதவு ஒன்று பாதி திறந்திருக்கிறது. அதற்குள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, போன கூட்டத்தின் குறிப்பு ஏற்கப்படுவதையும் உரிமக் கட்டணம் விவாதிக்கப்படுவதையும் கேட்டுவிட்டு வந்து எழுதப்பட்ட ஒரு தமிழ்ச் சிறுகதையை வாசிக்க ஆசை. போரடிக்கும் என்று தெரியும். 'மொன்ரோவியா'வும் போரடித்ததுதான்.

'இகிரு'வில் எனக்கு இன்னும் பதில் கிடைக்காதவர்கள் அந்தக் குரோயே பெண்கள். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு அத்தனை முகப்பிடங்களும் ஏறி இறங்கியவர்கள். எந்த மேசையில் யார் இருக்கிறார், யார் என்ன சொல்லித் தட்டிக்கழிப்பார் என்று அந்த நகர அலுவலகத்தின் முழு வரைபடமும் தெரிந்தவர்கள் படத்திலேயே அவர்கள் மட்டும்தான். இழவு வீட்டுக்கு வந்து, அதிகாரிகளை ஏறெடுத்தும் பார்க்காமல், ஊதுவத்தி ஏற்றி ஓவென்று அழுதுவிட்டுப் போகிறார்கள். அதோடு குரோசாவா அவர்களை விட்டுவிடுகிறார். ஆனால் பூங்கா அவர்கள் வீட்டுக்கு நடுவில்தான் இருக்கிறது. நாலைந்து மழைக்காலம் போனால் ஊஞ்சல் சங்கிலி துருப்பிடிக்கும், சறுக்கு மரத்தில் ஆணி துருத்தும். அவர்களில் ஒருத்தி மறுபடி கிளம்பிப்போய் முதல் முகப்பிடத்தில் நிற்பாள். அங்கே ஓனோ உட்கார்ந்திருப்பார்.